பட்டியும் ஒரு பள்ளிக்கூடமே



இம்மலருக்கு வழக்கம்போல் இலக்கணக் கட்டுரையொன்று எழுதவே எண்ணியிருந்தேன். அந்த எண்ணத்தை மாற்றியது ஒரு தொலைபேசி அழைப்பு. கடந்த பங்குனி மாதத்தில் எமது பள்ளியின் பழைய மாணவி ஒருத்தியின் தாயார் இரவு பத்து மணியளவில் அழைத்தார். மகள் பல்கலைக்கழகத்தில் கால்நடை மருத்துவம் பயில்கின்றாள்.

"மாஸ்ரர், பிள்ளை இரவிரவாக ஆட்டுப் பட்டிக்குள்ளே நிற்கிறாளாம். சம்பளமும் இல்லையாம். இதுக்கா இவ்வளவு கஷ்டப்பட்டுப் படிப்பித்தோம்?" என்றார்.

அவருக்கு அன்றிரவு நான் கூறிய விடையையே இங்கு சற்று விரிவாக எழுதுகின்றேன். ஊரில் ஆசிரியராக இருந்த காலத்தில் நான் செய்த பிழையொன்றும் அவ்விடையுடன் தொடர்புடையது. அதனைக் கட்டுரையின் முடிவிற் கூறுவேன்.

களப்பயிற்சி என்பது யாது?

பிரித்தானியாவில் கால்நடை மருத்துவப் பட்டப்படிப்புப் பெரும்பாலும் ஐந்து ஆண்டுகளைக் கொண்டது. விரிவுரைகளுக்கும் ஆய்வுகூட வேலைகளுக்கும் புறம்பாக, விடுமுறைக் காலங்களில் மாணவர் வெளியிடங்களுக்குச் சென்று பயிற்சி பெறுதல் கட்டாயமாகும். நெடுங்காலமாக இது மொத்தம் 38 வாரங்களாக இருந்தது. முதல் 12 வாரங்கள் ஆடு, மாடு, பன்றி, குதிரை, கோழி முதலியவற்றைப் பராமரிக்கும் பண்ணைகளில் கழியும். எஞ்சிய 26 வாரங்கள் கால்நடை வைத்தியர்களுடன் சிகிச்சை நிலையங்களில் கழியும். அண்மைய ஆண்டுகளில் இக்கால அளவு சற்றுக் குறைக்கப்பட்டுள்ளதாயினும், பயிற்சியின் கட்டாயம் நீங்கவில்லை.

சூழலியல், விலங்கியல், வேளாண்மை ஆகிய துறைகளைப் பயில்வோருக்கு இது வேறு வடிவில் அமைகின்றது. மூன்றாண்டுப் படிப்பின் இடையில் ஓராண்டைத் தொழிற்பயிற்சிக்கென ஒதுக்கி நான்கு ஆண்டுகளில் பட்டம் பெறும் முறையைப் பல பல்கலைக்கழகங்கள் வைத்துள்ளன. ஆராய்ச்சி நிலையங்கள், இயற்கைக் காப்பகங்கள், ஆறுகளைக் கண்காணிக்கும் நிறுவனங்கள் முதலியவை இம்மாணவரை ஏற்றுக்கொள்கின்றன.

ஆட்டுப் பட்டியில் கற்பது என்ன?

செம்மறி ஆட்டின் சினைக் காலம் ஏறத்தாழ 147 நாட்கள். இலையுதிர் காலத்தில் சினைப்பட்ட ஆடுகள் வசந்த காலத்திற் கூட்டங்கூட்டமாக ஈனத் தொடங்கும். நூற்றுக்கணக்கான ஆடுகள் சில வாரங்களுக்குள் ஈனும்போது பண்ணையாளருக்கு உதவி தேவை. மாணவருக்கு அனுபவம் தேவை. ஈஸ்டர் விடுமுறையில் இவ்விரு தேவைகளும் ஒன்றுசேர்கின்றன.

குட்டி முறையாக வருமாயின் இரு முன்னங்கால்களும் அவற்றின்மேல் தலையுமாக வரும். சில வேளைகளில் ஒரு காலோ தலையோ பின்னே மடிந்திருக்கும். இரட்டைக் குட்டிகளாயின் இரண்டின் கால்களும் பின்னிக் கிடக்கும். உள்ளே கைவிட்டுத் தடவுபவர் தம் விரலிற் படுவது முன்னங்காலா, பின்னங்காலா என்பதைக் கண்ணாற் காணாமலே அறியவேண்டும். அதற்கொரு வழி உண்டு. குளம்பிலிருந்து மேல்நோக்கித் தடவிச் செல்கையில் முதலிரு மூட்டுகளும் ஒரே திசையில் மடியுமாயின் அது முன்னங்கால். எதிரெதிர்த் திசைகளில் மடியுமாயின் அது பின்னங்கால். இந்த இரண்டு வரிகளைப் புத்தகத்தில் ஒரு நிமிடத்தில் வாசித்துவிடலாம். விரல்கள் அதனை விளங்கிக்கொள்ளப் பல இரவுகள் செல்லும்.

குட்டி பிறந்ததும் மூக்கு, வாய்களிலுள்ள சளியைத் துடைத்துத் தொப்புள்கொடியில் அயடீன் இடுவர். அடுத்தது சீம்பால், அதாவது எங்களூர்க் கடும்புப் பால். செம்மறியில் நோயெதிர்ப்புப் பொருட்கள் கருப்பையினூடாகக் குட்டியைச் சென்றடைவதில்லை. அவை சீம்பாலின் வழியாகவே கிடைக்கவேண்டும். முதல் 24 மணி நேரத்தில் உடல் நிறையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் 200 மில்லிலீற்றர் தேவை. நான்கு கிலோகிராம் நிறையுள்ள குட்டிக்கு 800 மில்லிலீற்றர் என மாணவர் தாமே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

குளிரில் விறைத்த குட்டியைக் கண்டால் உடனே சூடேற்றவேண்டுமென்றே எவரும் நினைப்பர். ஆனால், பிறந்து ஐந்து மணி நேரம் கடந்து, உடல் வெப்பம் 37 பாகைக்குக் கீழே சென்ற குட்டியை அவ்வாறு செய்தால் அது வலிப்புக் கண்டு இறக்கக்கூடும். அதன் உடலிற் சேமித்திருந்த கொழுப்பு அதற்குள் எரிந்து தீர்ந்திருக்கும். எனவே முதலிற் குளுக்கோசு ஊசி, பின்னரே சூடு. விறகில்லாத அடுப்பை ஊதிப் பயனில்லை அல்லவா?

தாயற்ற குட்டியை, குட்டி இறந்த தாயிடம் சேர்க்கும் முறையும் உண்டு. இறந்த குட்டியின் தோலை உரித்து உயிருள்ள குட்டிக்குச் சட்டைபோல் அணிவிப்பர். தாய் மணத்தால் ஏமாந்து பாலூட்டும். கன்று இறந்த பசுவின் முன்னே, வைக்கோல் அடைத்த கன்றுத் தோலை நிறுத்திப் பால் கறந்த எமது மூத்தோருக்கு இது புதுமையாகத் தோன்றாது.

ஆற்றங்கரையிற் கற்பது என்ன?

சூழலியல் மாணவரின் பயிற்சியில் ஓர் எடுத்துக்காட்டு ஆற்று நீரின் தரத்தை மதிப்பிடுதல். மாணவர் நீளமான காலணி அணிந்து ஆற்றில் இறங்கி, நீரோட்டத்திற்கு எதிராகக் கைவலையைப் பிடிப்பர். வலைக்கு முன்னே ஆற்றின் அடித்தளத்தைக் காலாற் கிளறுவர். கிளறும் நேரம் மூன்று நிமிடங்கள். கற்களிலிருந்து விடுபடும் சிற்றுயிர்கள் வலையிற் சேரும். அவற்றை வெண்ணிறத் தட்டிலிட்டு இனம் பிரித்து எண்ணுவர்.

இரசாயனச் சோதனை இருக்க, பூச்சிகளை எண்ணுவது எதற்கு? ஒரு போத்தல் நீர் அது எடுக்கப்பட்ட நேரத்தின் நிலையை மட்டுமே கூறும். நேற்றிரவு கழிவுநீர் கலந்து இன்று காலை ஓடி மறைந்திருப்பின் போத்தலில் அது தெரியாது. ஆனால் அங்கேயே பல மாதங்கள் வாழும் புழுக்களும் குடம்பிகளும் நடந்தவற்றுக்குச் சாட்சிகள். ஒட்சிசன் நிறைந்த தூய நீரில் மட்டும் வாழும் இனங்கள் மறைந்து, மாசைத் தாங்கும் செந்நிறப் புழுக்கள் பெருகியிருப்பின் ஆறு நோயுற்றிருக்கின்றது என்பது பொருள்.

நீண்டகால ஆய்வுகளிலும் மாணவர் பங்கு பெறுவதுண்டு. இலண்டனுக்கு வடக்கேயுள்ள றொதம்ஸ்ரெட் ஆராய்ச்சி நிலையம் பயிற்சி மாணவரை ஏற்கும் இடங்களுள் ஒன்று. அங்கே 1843 ஆம் ஆண்டில் தொடங்கிய கோதுமை வயற் பரிசோதனை இன்றும் தொடர்கின்றது. 12.2 மீற்றர் உயரக் குழாயினாற் காற்றை உறிஞ்சிப் பறக்கும் பூச்சிகளைச் சேகரிக்கும் ஆய்வு 1964 முதல் நடைபெறுகின்றது. ஒரு மாணவர் ஒரு நாள் எண்ணிப் பதியும் எண், அறுபது ஆண்டுக் கணக்கில் ஓர் இலக்கமாகச் சேர்கின்றது. பிழையாகப் பதிந்தால் அப்பிழையும் சேரும். பொறுப்பை இதைவிடத் தெளிவாக எவராற் கற்பிக்கமுடியும்?

பெற்றோர் அறியவேண்டியவை

முதலாவது, பணம். பட்டப்படிப்பின் கட்டாயப் பகுதியாக அமையும், ஓராண்டுக்கு மேற்படாத பயிற்சிக்கு இந்நாட்டின் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் பொருந்தாது. கால்நடை மருத்துவ மாணவரின் பயிற்சி பெரும்பாலும் ஊதியமற்றது. போக்குவரத்து, தங்குமிடம், உடை ஆகியவற்றின் செலவு குடும்பத்தின்மீது விழும். சில பண்ணைகள் தங்குமிடமும் உணவும் வழங்குவதுண்டு. முன்கூட்டியே கேட்டறிதல் நன்று. ஓராண்டுப் பயிற்சிகளில் ஊதியம் வழங்குவனவும் உள்ளன. அந்த ஆண்டில் இங்கிலாந்துப் பல்கலைக்கழகம் உள்நாட்டு மாணவரிடம் முழுக் கட்டணத்தின் 20 சதவீதத்துக்கு மேல் அறவிடமுடியாது. இடர்ப்படும் மாணவருக்கான உதவி நிதி பற்றிப் பல்கலைக்கழகத்திற் கேட்பதற்கு வெட்கப்படவேண்டியதில்லை.

இரண்டாவது, பாதுகாப்பு. ஆட்டுப் பட்டியிலிருந்து நோய்கள் மனிதருக்குத் தொற்றக்கூடும். சிறப்பாக, கருவுற்ற பெண்கள் ஈனும் ஆடுகளுக்கு அருகிற் செல்லலாகாது. பட்டியில் அணிந்த உடைகளைத் தொடவும் கூடாது. வீட்டில் மூத்த மகளோ மருமகளோ கருவுற்றிருப்பின் இதனை மறவாதீர்கள். ஆற்றில் இறங்குவோருக்கு எலிக்காய்ச்சல் அபாயம் உண்டு. காயங்களை மூடுதலும் உண்ணுமுன் கைகழுவுதலும் கட்டாயம்.

மூன்றாவது, காலம். கால்நடை மருத்துவத்துக்கான விண்ணப்பம் ஒக்ரோபர் மாத நடுப்பகுதியுடன் முடிவடையும். விண்ணப்பிக்கும் முன்னரே விலங்குகளுடன் பழகிய அனுபவத்தைப் பல பல்கலைக்கழகங்கள் எதிர்பார்க்கின்றன. ஆகையால் பதினாறு, பதினேழு வயதிலேயே அருகிலுள்ள பண்ணையிலோ விலங்குக் காப்பகத்திலோ வாரவிடுமுறையில் உதவத் தொடங்குங்கள். கண்டவற்றை நாள்தோறும் ஒரு குறிப்புப் புத்தகத்தில் எழுதி வையுங்கள்.

எனது பிழை

வன்னியில் நான் கற்பித்த பாடசாலையில் ஒரு மாணவன் அடிக்கடி பிந்தி வருவான். ஒருநாள் சட்டைக் கையில் இரத்தக் கறையுடன் வந்தான். "நீ ஆடு மேய்க்கத்தான் சரி" என்று வகுப்பின் முன் ஏசினேன். பிள்ளைகள் சிரித்தனர். பின்னேரம் அவன் தனியே வந்து, விடியற்காலையில் ஆடு ஈனமுடியாமற் கிடந்ததையும், குட்டியின் மடிந்த காலைத் தான் நிமிர்த்தி எடுத்ததையும் கூறினான். "கண்ணை மூடினால்தான் சேர் கைக்குத் தெரியும்" என்றான். நான் விளங்கிக்கொள்ளவில்லை. நாளை நேரத்துக்கு வா என்று மட்டும் கூறி அனுப்பினேன்.

2008 இல் ஊர்கள் இடம்பெயர்ந்தபோது ஆடு மாடுகளைக் கட்டவிழ்த்து விட்டுவிட்டுச் சனங்கள் நடந்தனர். அவனும் தன் ஆடுகளை அவிழ்த்துவிட்டுச் சென்றான் என்று கேள்விப்பட்டேன். அதன்பின் அவனைப்பற்றி எதுவும் அறியேன்.

இங்கே எமது மாணவி, பட்டியில் தான் முதன்முதலாகக் குட்டி எடுத்த இரவைப்பற்றிச் சொன்னபோது, "கண்ணை மூடிக்கொண்டுதான் சேர் தடவினேன்" என்றாள். அவளுக்கு அதற்குப் பல்கலைக்கழகம் கையொப்பமிட்டுச் சான்று வழங்கும். அவனுக்கு நான் வழங்கியது ஏச்சு.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கின்றோம். அதே வாயால், படிக்காவிட்டால் மாடு மேய்ப்பாய் என்றும் பயமுறுத்துகின்றோம். இரண்டாவதை இனி நிறுத்துவோம். உங்கள் பிள்ளை சேறு படிந்த காலணியுடன் வீடு திரும்பினால், இன்று என்ன கற்றாய் என்று கேளுங்கள். அவர்கள் அதனைத் தமிழிற் சொல்ல முயன்றால், ஈற்று, கடும்பு, பட்டி என்ற சொற்களை எடுத்துக் கொடுங்கள். அச்சொற்கள் உங்களிடம் இன்னும் இருக்கின்றன.