பொம்மை நோயாளியும் தாதியர் பயிற்சியும்

பாம்புக்கடி, பூச்சிமருந்து விஷம், பிரசவகால உதிரப்பெருக்கு முதலியவற்றால் அபாய நிலையை அடைந்தவர்களைக் கிராமத்திலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்கிறோம். அவர்களிற் பலர் அங்கே தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்படுகின்றனர். டாக்டர் பல நோயாளிகளையும் பார்த்துச் செல்ல வேண்டியவர். இரவும் பகலும் கட்டிலருகே நிற்பவர் தாதி எனப்படும் நர்ஸ். மூச்சு தடைப்படுவதையும் நாடி தளர்வதையும் பெரும்பாலும் முதலில் காண்பவர் அவரே. அடுத்த இரண்டொரு நிமிஷங்களில் அவர் செய்வதைப் பொறுத்தே நோயாளியின் உயிர் நிற்கிறது.

இத்தகைய நெருக்கடி நாள்தோறும் நேருவதன்று. புதிதாகப் பணியேற்ற தாதி பல வாரங்கள் அதனைக் காணாமலேயிருந்து, ஒரு நள்ளிரவில் திடீரென எதிர்கொள்ள நேரிடலாம். பாடம் நினைவில் இருக்கும், கை நடுங்கும். உயிருக்குப் போராடும் ஒருவர் மீதா முதன்முறையாகக் கைபழகுவது? இக்கேள்விக்கு விடையாக அமைந்ததே பாவனைப் பயிற்சி. நோயாளிக்குப் பதிலாகப் பொம்மையைக் கிடத்தி, உண்மையானது போன்ற நெருக்கடியை உண்டாக்கிப் பழக்குவது இதன் முறை.

இது முற்றிலும் புதியதன்று. 1911ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் ஹார்ட்போர்டு ஆஸ்பத்திரியின் தாதியர் பள்ளிக்கென மார்த்தா சேஸ் அம்மையாரின் பொம்மைத் தொழிற்சாலை ஆளுயரப் பொம்மை ஒன்றைச் செய்தளித்தது. 1952இல் டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் இளம்பிள்ளை வாதம் கடுமையாகப் பரவியபோது, பியோர்ன் இப்சன் என்னும் மயக்கமருந்து நிபுணர் நோயாளிகளின் தொண்டையில் துளையிட்டுக் குழாய் பொருத்தி, மருத்துவ மாணவர்கள் முறைவைத்துப் பையை அமுக்கிக் காற்றூட்டச் செய்தார். தீவிர சிகிச்சைப் பிரிவு என்னும் ஏற்பாடு அதிலிருந்து வளர்ந்ததே. 1960இல் நார்வே நாட்டு விளையாட்டுச் சாமான் உற்பத்தியாளர் ஆஸ்முண்ட் லேர்டால் வெளியிட்ட ‘ஆனி’ என்னும் பொம்மை, நின்ற மூச்சை மீட்கும் முறையைக் கற்பிக்க உலகெங்கும் பரவியது.

இன்றைய பொம்மைகளிற் சிலவற்றின் மார்பு ஏறி இறங்கும். மணிக்கட்டில் நாடி துடிக்கும். ஆசிரியர் கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் அமர்ந்து அதன் நிலையை விரும்பியவாறு மாற்றுவார். உதாரணமாக, சுவாசக் கருவி பொருத்தப்பட்ட ‘நோயாளி’யின் இரத்தத்தில் பிராணவாயு திடீரெனக் குறைகிறது, அபாய மணி ஒலிக்கிறது. பழகாதவரின் கை மணியை நிறுத்துவதற்கே முதலில் செல்லும். பயின்ற தாதியோ உதவிக்குக் குரல் கொடுத்துக்கொண்டே கருவியைக் கழற்றிக் கைப்பையால் பிராணவாயுவைச் செலுத்துவார். குழாய் இடம் பெயர்ந்ததா, சளியால் அடைபட்டதா, நுரையீரலைச் சுற்றிக் காற்று புகுந்ததா, கருவியே பழுதா என வரிசையாக ஆராய்வார். கைப்பையால் நிலை தேறினால் ஐயம் கருவியின் மீது. சளி உறிஞ்சும் குழாய் உள்ளே செல்லாவிடில் ஐயம் அடைப்பின் மீது. டாக்டர் மருந்தின் அளவைச் சொன்னால், அதைத் திருப்பிச் சொல்லி உறுதி செய்துகொண்ட பின்னரே ஊசி போடுவார்.

பொம்மையைக் கண்டு வியப்பவர்கள் பயிற்சியின் உயிர்நாடியைக் கவனிப்பதில்லை. ஒத்திகை முடிந்தபின் யாவரும் அமர்ந்து, எதை எப்போது கண்டோம், ஏன் தாமதித்தோம் என்று ஒளிவின்றிப் பேசும் நேரமே அது. அங்கே எவரையும் ஏளனம் செய்தல் கூடாது. செய்தால் அடுத்த முறை எவரும் வாய் திறவார்.

இம்முறையின் பயன் சோதித்து அறியப்பட்டதே. அமெரிக்காவில் 10 தாதியர் கல்வி நிலையங்களில் நடத்தப்பெற்று 2014இல் வெளியான ஆய்வில், ஆஸ்பத்திரிப் பயிற்சி நேரத்தில் பாதி வரை, செம்மையாக நடத்திய பாவனைப் பயிற்சியாக மாற்றியபோதும் மாணவர் தகுதி குறையவில்லை. எனினும் தன்னம்பிக்கை வேறு, திறமை வேறு. ஒருநாள் பயிற்சியால் துணிவு மிகுந்து, கைத்திறன் பின்தங்கி நிற்பதும் உண்டு. மார்பு 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம், நிமிஷத்துக்கு 100 முதல் 120 முறை அமுக்கப்படுகிறதா என்பதை அளவுகருவியே காட்ட வேண்டும். கற்ற திறனும் சில மாதங்களில் மங்கத் தொடங்குவதால், ஆண்டுக்கொரு பெருவிழாவைக் காட்டிலும் அடிக்கடி நடக்கும் சிறு ஒத்திகையே மேல்.

விலையுயர்ந்த பொம்மை இல்லையே என்று சிறிய ஆஸ்பத்திரிகள் தயங்க வேண்டுவதில்லை. காலியான கட்டில், எளிய மார்புப் பொம்மை, நோயாளியாக நடிக்க ஒரு சக ஊழியர் இருந்தால் வார்டிலேயே தொடங்கலாம். அவ்வாறு வார்டிலேயே நடத்தும்போது வேறொன்றும் வெளிப்படும்: அவசர மருந்துப் பெட்டியின் சாவி யாரிடம், கைப்பைக்கேற்ற முகமூடி எந்த அலமாரியில், பிராணவாயு உருளையில் வாயு உள்ளதா என்பன அன்றே தெரிந்துவிடும்.