11 புள்ளி, ஒரே ஒரு தோல்வி... ஆனாலும் அவுட்! 2019 ஏஎஃப்சி கோப்பையில் சென்னையின் எஃப்சிக்கு என்ன நடந்தது?

2019 ஜூன் 26. காத்மாண்டுவில் நேபாளத்தின் மனாங் மார்ஷ்யாங்டி கிளப்பை 3-2 என்று வீழ்த்தியது சென்னையின் எஃப்சி. செய்ய வேண்டியதைச் செய்தாயிற்று. ஆனால் அடுத்த சுற்றுக்குப் போனது வங்கதேசத்தின் அபஹானி லிமிடெட் டாக்கா. எப்படி?

கடைசி இடத்தில் இருந்த அணி ஆசியாவுக்கா?

ஏஎஃப்சி கோப்பை என்பது ஆசிய கிளப்களுக்கான இரண்டாம் நிலை தொடர். சாம்பியன்ஸ் லீக்குக்கு அடுத்தபடி. 2018 மார்ச்சில் பெங்களூரு எஃப்சியை அதன் சொந்த மண்ணிலேயே 3-2 என வென்று ஐஎஸ்எல் சாம்பியன் ஆனதால் சென்னைக்கு அந்த வாய்ப்பு கிடைத்தது. கிளப்பின் முதல் ஆசியத் தொடர் இதுதான்.

சிக்கல் என்னவென்றால், தொடர் தொடங்குவதற்குள் அணியின் ஃபார்ம் போய்விட்டது. 2018-19 ஐஎஸ்எல்லில் 18 போட்டிகளில் வெறும் 9 புள்ளி. 10 அணிகளில் 10-வது இடம். நடப்பு சாம்பியனுக்கு இந்த நிலைமை!

'ஹோம்' மேட்ச் எங்கே நடந்தது?

உத்திரமேரூர் பக்கம் திருப்புலிவனத்தில் இருக்கும் ஒரு ரசிகர் காஞ்சிபுரம் போய் பஸ் மாறினால், சில மணி நேரத்தில் சென்னை நேரு ஸ்டேடியத்துக்கு வந்துவிடலாம். ஆனால் இந்தத் தொடரில் சென்னையின் 'ஹோம்' மைதானம் அகமதாபாத். ரயிலில் போனால் ஒரு நாளுக்கும் மேலாகும். சொந்த ரசிகர்களின் சத்தம் இல்லாமலேயே ஹோம் மேட்ச் ஆட வேண்டியிருந்தது.

அங்கேதான் பிளே-ஆஃபில் இலங்கையின் கொழும்பு எஃப்சியை ஜெஜெ லால்பெக்லுவா அடித்த ஒரே கோலில் வென்று, குரூப் சுற்றுக்குள் நுழைந்தது ஜான் கிரிகரியின் அணி.

குரூப்பில் என்ன ஆனது?

தெற்காசியாவுக்கு ஒரே குரூப், நான்கு அணிகள். முதலிடம் பிடிக்கும் அணிக்கு மட்டுமே அடுத்த சுற்று.

- மினர்வா பஞ்சாப்: 0-0, 1-1
- மனாங் மார்ஷ்யாங்டி: 2-0, 3-2
- அபஹானி: 1-0, 2-3

ஆறு போட்டிகளில் மூன்று வெற்றி, இரண்டு டிரா, ஒரு தோல்வி. லீக்கில் கடைசியாக வந்த அணிக்கு இது மோசமான கணக்கே இல்லை. ஆனால் டாக்காவில் 2-2 என்று இருந்த ஆட்டத்தைக் கடைசி நிமிடங்களில் கோட்டைவிட்டதும், மினர்வாவுடனான இரண்டு டிராக்களும் பிறகு வலித்தன.

அந்தக் கடைசி நாள்

கடைசி ரவுண்டுக்கு முன் அபஹானி 10 புள்ளி, சென்னை 8. சென்னை ஜெயித்து, குவாஹாட்டியில் மினர்வாவுடன் அபஹானி டிரா செய்தால் இருவருக்கும் தலா 11. நேருக்கு நேர் மோதலில் இரு அணிகளும் தலா 3 கோல். ஆனால் டாக்காவில் அடித்த 2 கோல் 'அவே கோல்' என்பதால் சென்னைதான் முதலிடம்!

குவாஹாட்டியில் 90 நிமிடம் முடிந்தபோது ஸ்கோர் 0-0. இன்ஜுரி டைமில் அபஹானி ஒரு கோல் அடித்தது. அவ்வளவுதான். அபஹானி 13, சென்னை 11.

நாக்-அவுட்டில் அபஹானி, வட கொரியாவின் ஏப்ரல் 25 அணியை டாக்காவில் 4-3 என வென்றாலும், பியாங்யாங்கில் 0-2 எனத் தோற்று வெளியேறியது. ஏப்ரல் 25 அணி இறுதிவரை போய், கோலாலம்பூரில் லெபனானின் அல்-அஹெத்திடம் 0-1 என வீழ்ந்தது. இன்னொரு சுவாரஸ்யம்: அபஹானியின் ஆப்கன் டிஃபெண்டர் மாசி சைகானி அடுத்த சீசனில் சென்னையின் எஃப்சி ஜெர்சியில் ஆடினார்!

இப்போதாக இருந்தால்?

2024-25 முதல் ஏஎஃப்சி கோப்பைக்குப் பதிலாக 'சாம்பியன்ஸ் லீக் டூ' நடக்கிறது. அதில் ஒவ்வொரு குரூப்பிலும் முதல் இரண்டு அணிகள் நாக்-அவுட் போகும். அதாவது, இன்றைய விதிப்படி 2019-ல் இரண்டாம் இடம் பிடித்த சென்னையும் உள்ளே போயிருக்கும். அன்றைக்கு இரண்டாம் இடத்துக்குக் கிடைத்தது வீட்டுக்குத் திரும்பும் டிக்கெட் மட்டும்தான்.