கதாநாயகி மாறினார், கரமெல்லா மாறவில்லை

1953-இல் லுயிஜி கொமென்சினி இயக்கிய ‘ரொட்டி, காதல், கற்பனை’ இத்தாலியத் திரையரங்குகளை நிரப்பியது. மறு ஆண்டு பெர்லின் விழாவில் வெள்ளிக் கரடி விருதும் பெற்றது. கையோடு 1954-இல் ஒரு தொடர்ச்சி, 1955-இல் இன்னொன்று. மூன்றாவது படம் வருவதற்குள் ஏறக்குறைய எல்லாமே மாறிவிட்டன. மலைக்கிராமம் போய் சொரென்டோ கடற்கரை வந்தது. கொமென்சினியின் நாற்காலியில் டினோ ரிசி அமர்ந்தார். கதாநாயகி ஜினா லொல்லோபிரிஜிடாவின் இடத்தை மீன் விற்கும் பெண்ணாக சோபியா லோரன் பிடித்துக்கொண்டார். மூன்று படங்களிலும் மாறாமல் வந்த முக்கியமான முகங்கள் இரண்டுதான். ஒன்று, காவல்படை அதிகாரி கரொத்தெனூத்தோவாக நடித்த விட்டோரியோ டி சிகா. மற்றொன்று, அவருடைய வீட்டைப் பார்த்துக்கொள்ளும் கிழவி கரமெல்லாவாக நடித்த டினா பிகா. அழகிகளை மாற்ற முடிந்தது, அந்தக் கிழவியை மாற்ற முடியவில்லை. அவரை ஓரத்தில் நின்று சிரிப்பூட்டிய ஒரு சுவையான துணைப் பாத்திரமாக மட்டும் நினைவில் வைத்திருப்பது போதாது என்பதற்கு இதுவே முதல் சான்று. அந்தப் படங்களில் மற்றவர்களை எடைபோடும் தராசு அவர்தான். அந்தத் தராசு இல்லாவிட்டால் டி சிகாவின் சேட்டைகளுக்கு எடையே இருந்திருக்காது.

இந்த வல்லமை திடீரென்று முளைத்ததல்ல. டினா பிகா 1884 மார்ச் 31-இல் நேப்பிள்ஸில் ஒரு நாடகக் குடும்பத்தில் பிறந்தவர். தந்தை ஜுசெப்பே பிகாவும் மேடை நடிகர். அக்கால இத்தாலிய நாடகக் குழுக்களில் நடிகர்கள் பாத்திரத்துக்கு ஏற்ப ஒவ்வொரு முறையும் தேர்ந்தெடுக்கப்படவில்லை. கதாநாயகன், கதாநாயகி, காதலன், கண்ணியமான தாய், சுட்டி வேலைக்காரி, குணச்சித்திரம் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு நிலையான இடம் இருந்தது. நாடகம் எதுவானாலும் அவரவர் இடத்தை அவரவரே நிரப்ப வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் இது கூண்டு போலத் தெரியும். உள்ளே இருப்பவருக்கோ ஒரே கருவியை வாழ்நாள் முழுதும் பழகித் தேர்வதற்கான வாய்ப்பு அது. 1930-களில் அவர் நாடகாசிரியர் எடுவார்டோ டி ஃபிலிப்போவின் குழுவில் சேர்ந்தார். 1946-இல் அரங்கேறிய ‘ஃபிலுமெனா மர்துரானோ’ நாடகத்தில் ரொசாலியா என்ற வயதான பணிப்பெண் அவர். சாகக் கிடப்பதாக நடித்து, பல ஆண்டு கூட வாழ்ந்த ஆணைத் தாலி கட்ட வைக்கிறாள் ஃபிலுமெனா. எஜமானியின் ரகசியம் முழுதும் ரொசாலியாவுக்குத் தெரியும், ஆனால் வாயைத் திறக்க மாட்டாள். எல்லாம் தெரிந்தும் பேசாமல் நிற்பது என்ற நடிப்புப் பாடத்தை இதைவிடக் கடுமையாக எந்தப் பள்ளியும் கற்றுக்கொடுத்திருக்க முடியாது. 1951-இல் எடுவார்டோவே அதைப் படமாக்கியபோதும் ரொசாலியா அவர்தான்.

அந்தப் பாடம்தான் கரமெல்லாவில் நகைச்சுவையாக உருமாறுகிறது. தலை நரைத்தும் பெண்கள் பின்னால் அலையும் அதிகாரிக்கு முன்னால், கறுப்பு உடையில் ஒடிசலான ஒரு கிழவி நிற்கிறாள். குரல் கரகரத்த ஆண்குரல். முகத்தில் சிரிப்பின் சாயல்கூடக் கிடையாது. டி சிகா கைகளாலும் புருவங்களாலும் பத்து வேலை செய்யும்போது அவர் ஒன்றுமே செய்யாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார். பதில் சொல்வதற்கு முன் ஒரு கணம் கூடுதலாக எடுத்துக்கொள்கிறார். அந்த ஒரு கணத்தில் அதிகாரியின் பொய், பெருமை, தனிமை மூன்றும் வெளியே வந்துவிடுகின்றன. ரசிகர்களின் சிரிப்பை எதிர்பார்த்து அவர் ஒருபோதும் திரும்பிப் பார்ப்பதில்லை. தம்மை வேடிக்கையான ஆள் என்று கரமெல்லா நினைக்கவே இல்லை, அதனால்தான் நாம் சிரிக்கிறோம். இரண்டாவது படத்துக்காக 1955-இல் சிறந்த துணை நடிகைக்கான வெள்ளி ரிப்பன் விருது அவருக்குக் கிடைத்தது. அப்போது வயது எழுபது.

இந்தப் படங்கள் மீது ஒரு கடுமையான குற்றச்சாட்டு உண்டு. போருக்குப் பிந்தைய இத்தாலிய யதார்த்தவாத சினிமா காட்டிய வறுமைக்கு இவை ரோஜா நிறச் சாயம் பூசிவிட்டன என்பார்கள். கந்தல் உடையும் காய்ந்த ரொட்டியும் இங்கே அழகிய பின்னணியாகிவிட்டன, ஏழைத் தென்னாட்டுக் கிழவியைக் கேலிப்பொருளாக்கியதும் அந்தச் சாயத்தின் ஒரு பகுதி என்பது அவர்கள் வாதம். முதல் பாதி பெருமளவு சரி. கரமெல்லா என்ன கூலி வாங்குகிறாள், ஏன் தனியாக இருக்கிறாள் என்பதைப் படங்கள் ஆழமாகத் துருவுவதில்லை. ஆனால் கேலி யார் மீது விழுகிறது? சீருடை அணிந்த ஆண் மீதுதான் விழுகிறது, கிழவி மீதல்ல. ஃபாசிச ஆட்சி முடிந்து ஏறக்குறைய பத்து ஆண்டுகளே ஆகியிருந்த நாட்டில், படிப்போ பதவியோ இல்லாத ஒரு வயதான பெண் சீருடைக்காரரை ஏற இறங்கப் பார்ப்பதையும் அரங்கம் அவள் பக்கம் நின்று சிரிப்பதையும் அற்பமாக நினைக்க எனக்கு மனம் வரவில்லை. வசனம் கொடுக்காத கண்ணியத்தை அந்தப் பார்வை கொடுத்துவிடுகிறது.

இன்னொரு மறுப்பு உண்டு. அவர் ஒரே பாத்திரத்தைத்தான் திரும்பத் திரும்ப நடித்தார், அது எப்படிக் கலையாகும் என்று கேட்கலாம். இதற்கான விடை அவரே கதாநாயகியான படங்களில் இருக்கிறது. புகழ் வந்ததும் தயாரிப்பாளர்கள் அவரை நடுவில் நிறுத்தினார்கள்: ‘அமெரிக்க அத்தை வருகிறாள்’ (1956), ‘என் பாட்டி போலீஸ்’ (1958), அவர் பெயரையே தலைப்பில் தாங்கிய ‘பசிபிக்கில் பிகா’ (1959). அதே முகம், அதே குரல்தான். ஆனாலும் இவை பெரும்பாலும் அவசரத்தில் எடுத்த மலிவான நகைச்சுவைகள். வெறும் பாத்திர வகை மட்டுமே அவர் பலமாக இருந்திருந்தால் இவையும் அதே அளவு நின்றிருக்க வேண்டுமே! நிற்காததற்குக் காரணம், எதிரே நிறுத்தி எடைபோட அவருக்கு ஒரு நல்ல ஆள் கிடைக்கவில்லை. கிடைத்தபோது என்ன நடந்தது என்பதை டினோ ரிசியின் ‘பாட்டி சபெல்லா’ (1957) காட்டுகிறது. பேரனை ஊருக்கு வரவழைத்துப் பணக்காரப் பெண்ணைக் கட்டிவைக்க, சாகக் கிடப்பதாக நடிக்கிறாள் பாட்டி. தங்கையின் கல்யாணத்தையும் ஆண்டுக்கணக்கில் தடுத்து வைத்திருக்கிறாள். அந்தத் தங்கையாக டொலோரெஸ் பலும்போ, காத்துக் காத்துக் களைத்த மாப்பிள்ளையாக பெப்பினோ டி ஃபிலிப்போ. இருவரும் மேடையில் ஊறியவர்கள். மரணப் படுக்கை நாடகத்துக்கு ரொசாலியாவாக மௌன சாட்சி நின்றவர், பதினோரு ஆண்டு கழித்து அதே நாடகத்தைத் தாமே ஆடுகிறார், இம்முறை கொடுங்கோலியாக. முகபாவனை அதிகம் மாறவில்லை, அதன் பொருள்தான் தலைகீழாகிவிட்டது. அந்தப் படம் சான் செபாஸ்டியன் விழாவில் தங்கச் சிப்பி வென்றது.

1968 ஆகஸ்ட் 15-இல், 84-ஆம் வயதில் அவர் நேப்பிள்ஸில் மறைந்தார். அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 1963-இல், டி சிகா தம் ‘நேற்று, இன்று, நாளை’ படத்தில் அவருக்குக் கொடுத்த வேடம் என் வாதத்துக்கு மிக வலுவான சான்று. ரோமின் நவோனா சதுக்கத்தைப் பார்த்த ஒரு மொட்டைமாடி. ஒரு பக்கம் ஆண்களை வரவேற்றுப் பிழைக்கும் மாரா, அதாவது சோபியா லோரன். மறு பக்கம் குருமடத்தில் படிக்கும் பேரனோடு ஒரு பாட்டி. பேரன் மாராவிடம் மனதைப் பறிகொடுத்தது தெரிந்ததும் கிழவி அவளைத் திட்டித் தீர்க்கிறாள். பிறகு பையன் குருமடமே வேண்டாம் என்று கிளம்பும்போது, அதே கிழவி அதே மாராவிடம் வந்து உதவி கேட்கிறாள். ஆஸ்கர் விருது பெற்ற அந்தப் படத்தில் உலகம் நினைவில் வைத்திருப்பது மார்செல்லோ மாஸ்ட்ரோயானிக்கு முன்னால் லோரன் உடை களையும் காட்சியை. ஆனால் கதையைத் திருப்புவது கிழவியின் வருகை. அரை நூற்றாண்டுக்கும் மேல் மற்றவர்களை எடைபோட்டே பழகிய அந்த முகம், முதல்முறையாகத் தன் தீர்ப்பைத் தானே திரும்பப் பெற்றுக்கொள்கிறது. இறுகிய முகம் இளகுவதற்கு இவ்வளவு மதிப்பு வந்தது, அத்தனை படங்களிலும் அது இளகாமல் இருந்ததால்தான். ஆண்களை விலக்கி ஒரு வாரம் விரதம் இருப்பதாக மாரா நேர்ந்துகொள்வதை நாம் நம்புவதும், எதிரே அழுகிறவர் டினா பிகா என்பதால்தான்.