நிலவரையும் சுன்னாகமும்

எமது புத்தூர் நிலவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் உள. இராமபிரானது அம்பு துளைத்த இடமென்பர் முதியோர். சுண்ணாம்புக்கல் கரைந்துண்டான பள்ளமென்பர் நிலநூலார். இரண்டையும் மாணவர்க்குக் கூறியே வருகின்றோம்.

ஆறில்லாத இக்குடாநாட்டில் மழைநீர் அக்கல்லின் வெடிப்புகளினூடே விரைந்திறங்கி உவர்நீரின்மேல் மிதக்கின்றது. அவ்வழியில் அதனை வடிகட்டுவது சிறிதே. ஆதலின் நிலத்திற் கொட்டிய எண்ணெயும் கிணற்றையே சேரும். மேற்கே சில கட்டைத் தொலைவிலுள்ள சுன்னாகத்தில் நிகழ்ந்தது அதுவே. அனல்மின் நிலையத்துக் கழிவெண்ணெய் மண்ணையும் கிணறுகளையும் கெடுத்த வழக்கில், அதனை நடத்திய தனியார் நிறுவனம் இரண்டு கோடி ரூபா இழப்பீடு செலுத்துமாறு 2019 ஏப்பிரலில் உயர் நீதிமன்றம் பணித்தது.

வாகனத் திருத்தகம் நடத்தும் பழைய மாணவர்களே, கழித்த எண்ணெயைப் பீப்பாயில் அடைத்து வையுங்கள். வளவு மூலையில் ஊற்றாதீர்கள்.