கிளிஞ்சல் சுண்ணாம்பும் பயோடீசலும்

கிளிஞ்சலைக் காளவாயில் அடுக்கிச் சுட்டால் சுண்ணாம்பு. கடலோரத்துப் பழைய வீடுகளின் சுவர்கள் அந்தச் சுண்ணாம்பில்தான் நிற்கின்றன. அதே சுட்ட சுண்ணாம்பு, வடை பொரித்துக் கறுத்த எண்ணெயை வண்டி ஓட்டும் டீசலாக மாற்றவும் உதவும். வேதியியலில் அதன் பெயர் கால்சியம் ஆக்சைடு. அது ஒரு திட வினையூக்கி.

எண்ணெயின் ஒவ்வொரு மூலக்கூறிலும் மூன்று கொழுப்பமிலச் சங்கிலிகள் கிளிசரினோடு பிணைந்திருக்கின்றன. மெத்தனால் சேர்த்து 60 டிகிரிக்கு மேல் சூடாக்கினால் சங்கிலிகள் கழன்று மெத்தனாலோடு சேரும். அதுதான் பயோடீசல், கிளிசரின் அடியில் தங்கும். வினையூக்கி இல்லாவிட்டால் அந்தச் சூட்டில் அநேகமாக எதுவும் நடக்காது. வழக்கமாகக் காஸ்டிக் சோடாவைக் கரைத்து ஊற்றுவார்கள். வேலை வேகமாக முடியும், ஆனால் சோடா போகத் தண்ணீர் விட்டு அலச வேண்டும். குடிதண்ணீருக்கே குடத்தோடு காத்திருக்கும் ராமநாதபுரத்துக்கு அது எப்படிச் சரிப்படும்? சுண்ணாம்புத்தூள் பெரும்பாலும் கரையாது. வடிகட்டி அடுத்த ஈட்டுக்குப் போடலாம். 2009இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் வீணான சிப்பி ஓட்டைச் சுட்டு, சோயா எண்ணெயில் இதைச் செய்து காட்டினார்கள்.

ஆனால் சுட்ட சுண்ணாம்பைத் திறந்து வைத்தால் நீறிப்போகும். கடற்கரையின் ஈரக்காற்றில் இன்னும் சீக்கிரம். ஈரமும் கரியமில வாயுவும் ஏறியதும் ஊக்கும் திறன் போய்விடும். மறுபடி 800, 900 டிகிரியில் சுட வேண்டும். அந்தச் சூட்டுக்கு ஆகும் எரிபொருளையும் கணக்கில் சேர்க்காமல் இதைப் பசுமை எரிபொருள் என்று சொல்லக் கூடாது.

பலமுறை காய்ந்த எண்ணெயில் அமிலம் மிகுந்திருக்கும். சுண்ணாம்பு அதோடு சேர்ந்தால் டீசலுக்குப் பதில் சோப்புதான் வரும். அதனால் முதலில் அமிலத்தை ஒடுக்க இன்னொரு திட வினையூக்கி வேண்டும். கந்தக அமிலம் ஏற்றிய கரி அதற்குப் பொருந்தும். முற்றக் கரிந்ததைவிட அரைகுறையாகக் கரிந்தது நல்லது. சீமைக்கருவேலங்கரி ராமநாதபுரம் மாவட்டத்துச் சரக்கு என்பதால் இங்கே செய்துபார்க்க வேண்டிய ஆய்வு இது என்பேன்.

ஓடு எங்கிருந்து வருகிறது என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்க முடியாது. மன்னார் வளைகுடாவில் பவளப்பாறையை வெட்டிச் சுண்ணாம்பு சுட்ட காலம் ஒன்று இருந்தது. கீழக்கரைப் பக்கத்துப் பூவரசன்பட்டித் தீவு மூழ்கியதற்கு அந்த வெட்டும் ஒரு காரணம். 2001 முதல் பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. பவளத்தைத் தொட வேண்டியதும் இல்லை, மண்டபம் பகுதியில் நண்டுச் சதை எடுத்தபின் ஓடு மிஞ்சுகிறது. அதைச் சுட்டாலும் கிடைப்பது அதே கால்சியம் ஆக்சைடுதான்.