கோவில் கல்யாணத்துக்கு என்ன பாட்டு?

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் நடக்கும் ஒரு கிறிஸ்தவத் திருமணத்தை எடுத்துக்கொள்வோம். மாப்பிள்ளை குமரி மாவட்டத்துக்காரர், சி.எஸ்.ஐ. பெண் செங்கல்பட்டு பக்கம், கத்தோலிக்கர். இருவருக்கும் வேலை கார் தொழிற்சாலையில். கல்யாணத்துக்கு இரு ஊர் உறவுகளும் வருவார்கள். இரவு ஷிப்ட் முடித்து நேராக வரும் நண்பர்களும் இருப்பார்கள். ஜார்க்கண்ட், ஒடிசாவிலிருந்து வந்து இங்கே வேலை பார்ப்பவர்களும், கோவிலுக்குள் முதல் தடவையாகக் காலடி வைப்பவர்களும் இருப்பார்கள். இத்தனை பேரும் சேர்ந்து எதைப் பாட முடியும்? பாட்டுத் தேர்வு இந்தக் கேள்வியில்தான் தொடங்க வேண்டும். நமக்குப் பிடித்த பாட்டு எது என்பது அதற்கு அடுத்துதான்.

முதலில் யாரைக் கேட்பது?

ஓலை வாசிக்கப் பெயர் கொடுக்கும்போதே பங்குத்தந்தையிடமோ சபைப் போதகரிடமோ பாட்டைப் பற்றிப் பேசிவிடுங்கள். எது அனுமதி, எது இல்லை என்பது கோவிலுக்குக் கோவில் மாறும். சினிமாப் பாட்டும், பென் டிரைவில் கொண்டுவந்து ஓடவிடும் பாட்டும் பெரும்பாலும் மறுக்கப்படும். அவற்றுக்கு மண்டபத்து வரவேற்பு இருக்கிறது. தவக்காலத்தில் பொதுவாகத் திருமணம் வைப்பதில்லை. சிறப்பு அனுமதியோடு வைத்தால் அல்லேலூயா பாடக் கூடாது. அதற்குப் பதில் வேறு வாழ்த்தொலி உண்டு.

எத்தனை பாட்டு தேவை?

திருமணம் திருப்பலியோடு நடந்தால் வருகைப் பாடல், பதிலுரைப் பாடல், அல்லேலூயா, காணிக்கைப் பாடல், தூயவர், திருவிருந்துப் பாடல், நன்றிப் பாடல் என வரிசை நீளும். மேலே சொன்னதுபோல ஒருவர் வேறு சபையைச் சேர்ந்தவர் என்றால், வழக்கமாகத் திருப்பலி இல்லாமல் இறைவார்த்தை வழிபாட்டோடு மட்டும் நடக்கும். அப்போது காணிக்கைக்கும் திருவிருந்துக்கும் பாட்டு தேவையில்லை. இது தெரியாமல் பாடகர் குழு பத்துப் பாட்டைப் பயிற்சி செய்து வைத்துக்கொண்டு தவிக்க வேண்டாம்.

எல்லோரும் பாட எது ஏற்றது?

தமிழ்க் கிறிஸ்தவத்துக்கு இங்கே ஒரு பெரிய சொத்து இருக்கிறது. 1706-ல் தரங்கம்பாடிக்கு வந்த மிஷனரி சீகன்பால்கு காலம் தொட்டு, ஐரோப்பிய மெட்டுகளுக்குத் தமிழில் எழுதிய ஞானப்பாட்டுகள் பாடப்படுகின்றன. இன்னொரு பக்கம், தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) போன்றவர்கள் நம் ராகத்திலும் தாளத்திலும் கீர்த்தனைகள் இயற்றினார்கள். அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் 1853-ல் இத்தகைய கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டார். கத்தோலிக்கத் திருச்சபையில் 1963-ல் வெளிவந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் திருவழிபாட்டு ஆவணம், அந்தந்த மண்ணின் இசைக்கு வழிபாட்டில் உரிய இடம் தரச் சொன்னது.

பலதரப்பட்ட கூட்டத்துக்கு நான் கீர்த்தனையைத்தான் முதலில் சொல்வேன். காரணம் அதன் அமைப்பு. ஞானப்பாட்டில் ஒவ்வொரு அடிக்கும் புத்தகம் வேண்டும். கீர்த்தனையில் சரணத்தைப் பாடகர் குழு பாடிவிடும். பல்லவி திரும்பத் திரும்ப வரும். இரண்டாவது சுற்றிலேயே மெட்டு பிடிபட்டு, அதுவரை கேட்டிராதவரும் சேர்ந்துகொள்வார். பல்லவியை ஒரு தாளில் அச்சடித்து வாசலில் கொடுங்கள். ஒரு பாட்டு இந்தியில் இருந்தால் அதைத் தமிழ் எழுத்தில் போடுங்கள். தமிழ்ப் பல்லவியை இந்தி நண்பர்களுக்காக இந்தி எழுத்தில் போடுங்கள். சுருதியையும் கூட்டத்துக்கு ஏற்றபடி வையுங்கள். தேர்ந்த பாடகிக்கு எட்டும் உச்ச ஸ்தாயி பின்வரிசையில் நிற்கும் மாமாவுக்கு எட்டாது.

பெண் வரும்போது?

கீபோர்டுக்காரர்கள் வழக்கமாக வாசிக்கும் இரண்டு மேற்கத்திய மெட்டுகளும் நாடக மேடைக்கு எழுதப்பட்டவை. ஒன்று வாக்னரின் ‘லோஹென்கிரின்’ ஓப்பராவில் (1850) வருவது. அதில் மணமக்களை மணவறைக்கு அழைத்துச் செல்லும்போது பாடுகிறார்கள். அந்த இரவே அவர்கள் உறவு முறிந்துபோகிறது. மற்றொன்று மெண்டல்ஸோன் 1842-ல் ஷேக்ஸ்பியர் நாடகம் ஒன்றுக்காக எழுதியது. விக்டோரியா அரசியின் மூத்த மகள் திருமணத்தில் 1858-ல் வாசிக்கப்பட்ட பிறகு எங்கும் பரவியது. சில கோவில்களில் இவற்றை ஏற்பதில்லை. ஏற்கிறார்கள் என்றாலும், அந்த இடத்தில் ஒரு வருகைப் பாடலைச் சபையே எழுந்து நின்று பாடினால் பெண்ணை வரவேற்பது கூட்டம் முழுவதும் என்றாகிவிடும். முந்தின நாள் ஒருவர் வாசலிலிருந்து பீடம் வரை புடவை நடையில் மெதுவாக நடக்கட்டும். கீபோர்டுக்காரர் வாசித்துப் பார்க்கட்டும். நடை முடியும்போது பாட்டு எந்தச் சரணத்தில் நிற்கிறது, எங்கே முடிக்கலாம் என்பது அப்போதுதான் தெரியும்.

வாக்குறுதியின்போது?

அப்போது இசையே வேண்டாம். மணமக்கள் சம்மதம் சொல்வதைச் சாட்சிகளும் சபையும் தெளிவாகக் கேட்க வேண்டும். மெல்லிய கீபோர்டு ஓசைகூட மைக்கில் கலந்து சொற்களை மறைத்துவிடும். தாலி கட்டி, மோதிரம் மாற்றி முடிந்ததும் பாடகர் குழு குரலெடுக்கட்டும்.

நண்பர் தனியாகப் பாட ஆசைப்பட்டால்?

பதிவேட்டில் கையெழுத்திடும் நேரத்தைக் கொடுங்கள். மணமக்கள், சாட்சிகள், குருவானவர் எல்லோரும் கையெழுத்திட்டு முடிக்கச் சில நிமிடங்கள் ஆகும். சபை சும்மாதான் உட்கார்ந்திருக்கும். உடன் வேலை செய்பவர் தன் தாய்மொழியில் ஒரு பக்திப் பாடல் பாடுவதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. வரிகளையும் பொருளையும் முன்கூட்டியே பங்குத்தந்தையிடம் காட்டிவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. பட்டியல் முடிவானதும் குருவானவர், பாடகர் குழுத் தலைவர், கீபோர்டுக்காரர் மூவரிடமும் ஒரே பிரதியைக் கொடுங்கள். பாட்டின் பெயர், சுருதி, எத்தனை சரணம் என மூன்றும் அதில் இருக்கட்டும். ஷிப்ட் மாறி மாறி வேலை பார்க்கும் நண்பர்களால் எல்லாப் பயிற்சிக்கும் வர முடியாது. தாள் கையில் இருந்தால் தனியாகவாவது பாடிப் பார்த்துக்கொள்வார்கள். பாட்டு எத்தனை என்பது பெரிதல்ல. நான்கே பாட்டு என்றாலும் வந்தவர்கள் வாய்விட்டுப் பாடினால், அது அவர்கள் மணமக்களுக்காகச் செய்யும் ஜெபம்.