பேர் மறந்தாலும் ராகம் மறக்காது!

"டாக்டர், எங்க அப்பாவுக்குப் பேத்தி பேரே ஞாபகம் வரமாட்டேங்குது. ஆனா, ரேடியோவுல தோடி கேட்டா தொடையில தாளம் போடறார். இது என்ன மாயம்?"

தஞ்சாவூரில் என் வைத்தியசாலைக்கு 80 வயதுப் பெரியவரை அழைத்து வந்த மகன் கேட்டது இது. வயலும் கச்சேரியுமாக வாழ்ந்த மனிதர். பேத்திக்குப் பரீட்சை என்று வீட்டில் சில மாதங்களாக ரேடியோவை மூடி வைத்துவிட்டார்களாம். சாயங்காலமானால் பெரியவர் வாசலுக்கும் கொல்லைக்குமாக அலைகிறாராம்.

மாயமெல்லாம் இல்லைங்க. மறதி நோயில் பெரும்பாலும் முதலில் போவது நேற்று நடந்த விஷயங்கள்தான். சின்ன வயதில் கேட்டுப் பழகிய பாட்டோ மூளையில் பல இடங்களில் பதிந்திருக்கும். சொல், தாளம், உணர்ச்சி எல்லாம் ஒன்றாகக் கலந்திருப்பதால், மற்றவை போன பிறகும் அது தங்குவதுண்டு.

வீணை தனம்மாள் குடும்பத்தைப் பாருங்களேன். தஞ்சை அரண்மனைக் கலைஞர் பாப்பம்மாள் வழி வந்தவர் அவர். கண்பார்வை போன பிறகும் வீணையை விடவில்லை. 1938-ல் மறைந்தார். மகள் ஜெயம்மாள் பாட, பேத்தி பாலசரஸ்வதி ஆடினார். பிருந்தா, முக்தா என்ற பேத்திகள் பாட்டில் பேர் வாங்கினார்கள். பேரன் விஸ்வநாதன் புல்லாங்குழல், ரங்கநாதன் மிருதங்கம். கருவிலேயே காதில் பாட்டு விழுகிற வீடு!

நமக்கு அந்த வித்வத் வேண்டாம். பழக்கம் போதும். என்ன செய்யலாம்?

1. மாலையில் அரை மணி நேரம் டி.வி.யை நிறுத்திவிட்டு, பெரியவர்கள் இளவயதில் ரசித்த பாட்டைப் போடுங்கள். கீர்த்தனையோ, பாகவதர் காலத்து சினிமாப் பாட்டோ, எதுவானாலும் சரி.

2. கூடச் சேர்ந்து பாடுங்கள். நீண்ட அடியைப் பாடும்போது மூச்சு தானாக ஆழமாகும். சித்தர்கள் 'வாசி' என்று மூச்சைப் போற்றியது சும்மா இல்லை. வயிறு முட்டச் சாப்பிட்ட உடனே மட்டும் வேண்டாம்.

3. சத்தம் அளவோடு இருக்கட்டும். 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம்தான் பெரியவர்களுக்கு எல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். கல்யாண வீட்டில் தவிலுக்கு நேர் எதிரே கைக்குழந்தையை வைத்துக்கொண்டு உட்காராதீர்கள்.

4. தொண்டை கட்டினால் வெந்நீர் குடியுங்கள். அதிமதுரத்தில் சின்னத் துண்டு வாயில் அடக்கலாம். ரத்தக் கொதிப்பு, இதய, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் அதைத் தொட வேண்டாம். 3 வாரத்துக்கு மேல் குரல் கரகரத்தால் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். பாட்டு மறதியைக் குணப்படுத்தாது. மறதி தெரிந்தவுடன் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். தைராய்டு கோளாறு, பி12 குறைவு இவற்றாலும் மறதி வரும். அவற்றுக்கு சிகிச்சை உண்டு.

அந்தப் பெரியவர் வீட்டில் மறுபடி ரேடியோ பாடுகிறது. மறதி அப்படியேதான் இருக்கிறது. ஆனால், சாயங்கால அலைச்சல் குறைந்துவிட்டது. பேத்தி பக்கத்தில் உட்கார்ந்து தாளம் போடுகிறாள். தப்பாகப் போட்டால், அவள் கையைப் பிடித்துத் திருத்துகிறாராம் தாத்தா!

உங்கள் வீட்டு ரேடியோவையும் இன்று கொஞ்சம் திறந்து வையுங்களேன்.